முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவா, ரோகிணியா? ராமேஸ்வரத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "பேக்கரும்பில் இருக்கிற கலாம் நினைவிடத்துக்குப் பள்ளியிலிருந்து போயிருந்தோம். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளை விட்டது எங்கள் ஊர்க்காரர் கலாம்தான் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். வினாடி வினாவில் அப்படியே எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டு, 'ஆரியபட்டா, 1975, சோவியத் ஒன்றியம்' என்று விடை சொன்னார்கள். ரஷ்யாக்காரர்கள் விட்டது எப்படி நம்முடையது ஆகும்? அப்படியானால் கலாம் விட்டது என்ன? அது மேலே போய் விழாமல் எப்படி நின்றது?"

போட்டியில் சொன்ன விடைதான் சரி, தம்பி. இந்தியா கட்டிய முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா. 1975 ஏப்ரல் 19, சனிக்கிழமை, சோவியத் ஒன்றியத்தின் கபுஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போனது. கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1980 ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி என்ற செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. இந்திய மண்ணிலிருந்து, இந்திய ராக்கெட்டில் போன முதல் செயற்கைக்கோள் அதுதான். இரண்டுக்கும் நடுவில் ஐந்து ஆண்டு மூன்று மாதம். இரண்டுமே முதல்தான். எதில் முதல் என்று பிரித்துச் சொல்லாததால் வருகிற குழப்பம் இது.

மண்டபம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். இந்தக் கேள்வி வருஷத்துக்கு ஒரு தடவையாவது வகுப்பில் வந்துவிடும். விண்வெளி என்றாலே கலாம் பெயரைச் சேர்த்துச் சொல்வது நம் கரையில் பாசத்தில் வந்த பழக்கம். அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் இரண்டு முதலையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் இரண்டு பக்கமும் அநியாயம் நடக்கிறது. ஆரியபட்டாவைக் கட்டிய யு.ஆர். ராவும் அவருடைய ஆட்களும் கதையிலிருந்தே காணாமல் போகிறார்கள். கலாம் செய்த வேலை எவ்வளவு கடினமானது என்பதும் தெரியாமல் போய்விடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள். செயற்கைக்கோள் செய்வது ஒரு தொழில், ராக்கெட் செய்வது வேறு தொழில். அந்தக் காலத்தில் நம் கரையிலிருந்து தோணியில் சரக்கு ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். தோணி தூத்துக்குடிக்காரருடையது என்பதால் அதில் போகிற கருவாடு அவருடையது ஆகிவிடாது. கருவாடு போட்டவர் ஒருவர், தோணி கட்டிய ஓடாவி இன்னொருவர், அதை ஓட்டிய தண்டல் மூன்றாவது ஆள். ஆரியபட்டா நம் சரக்கு, தோணி சோவியத்தினுடையது. 1980-இல் போன ரோகிணியும் நம் சரக்குதான், ஆனால் அப்போது தோணியும் நம்முடையது. அந்தத் தோணியைக் கட்டிய ஓடாவிகளுக்குத் தலைவர்தான் நம் ஊர்க்காரர்.

சரி, சரக்கு எப்படி உருவானது என்று பார்ப்போம்.

1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் பறந்தது. அது அமெரிக்க ராக்கெட். மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கிவிட்டுத் திரும்பி விழுகிற ஆய்வு ராக்கெட். சுற்றுப்பாதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கலாம் அந்தக் கூட்டத்தில் இளம் பொறியாளராக இருந்தார். இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கி நடத்திய விக்ரம் சாராபாய் அப்போதே அடுத்த கட்டத்தை யோசித்துக்கொண்டிருந்தார். நம் செயற்கைக்கோளை நாமே செய்ய வேண்டும், அதை நம் ராக்கெட்டிலேயே விட வேண்டும் என்று இரண்டு வேலைகளையும் பக்கம் பக்கமாகத் தொடங்கி வைத்தார். செயற்கைக்கோள் பொறுப்பு யு.ஆர். ராவிடம் வந்தது. உடுப்பிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், அண்டக் கதிர்களை ஆராய்ந்தவர், அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு அகமதாபாத் திரும்பியவர். கலாம் பிறந்தது 1931 அக்டோபர், ராவ் பிறந்தது 1932 மார்ச். ஐந்து மாத வித்தியாசம்தான்.

1971 டிசம்பர் 30 அன்று சாராபாய் திடீரென்று காலமானார். வேலை நின்றுபோகவில்லை. 1972 மே 10 அன்று இஸ்ரோவுக்கும் சோவியத் அறிவியல் கழகத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. செயற்கைக்கோளை இந்தியா கட்டும், சோவியத் ராக்கெட் அதைக் கொண்டுபோய் விடும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டே சதீஷ் தவான் இஸ்ரோ தலைவரானார்.

கட்டிய இடத்தைச் சொன்னால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பெங்களூருக்கு வெளியே பீன்யா என்கிற தொழிற்பேட்டை. அங்கே வாடகைக்குக் கிடைத்த கொட்டகைகளில்தான் வேலை நடந்தது. சுற்றிலும் பட்டறைகள். செயற்கைக்கோள் வேலைக்குத் தூசி ஆகாது. ஒரு துகள் தவறான இடத்தில் உட்கார்ந்தால் ஒரு மின்சுற்றே கெட்டுவிடும். அப்படிப்பட்ட கொட்டகைக்கு உள்ளே சுத்தமான அறைகளை இவர்களே அமைத்துக்கொண்டார்கள். குழுவில் பெரும்பாலானவர்கள் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். அதற்கு முன்னால் செயற்கைக்கோளைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட அதிகம் கிடையாது. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு முடிவதற்குள் பறந்தாக வேண்டும், பறந்தும் விட்டது.

இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போது நான் எப்போதும் கொஞ்சம் நின்றுதான் போவேன். ஒரு செயற்கைக்கோளை வெறுமனே கட்டி அனுப்பிவிட முடியாது. ராக்கெட் கிளம்பும்போது வருகிற குலுக்கலை அது தாங்க வேண்டும். மேலே போனால் காற்று இல்லை. வெயில் படுகிற பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும். கீழே மின்விசிறி போட்டுக் குளிர வைப்பதுபோல அங்கே முடியாது. ஒரு பொருளின் சூடு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் உலோகம் வழியாகப் போக வேண்டும், இல்லையென்றால் கதிர்வீச்சாக வெளியேற வேண்டும். மேற்பரப்பில் எந்தப் பூச்சைப் பூசுகிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கிற மின்னணுப் பாகங்கள் பிழைக்கும் அல்லது சாகும். இதையெல்லாம் சோதிக்க ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளைக் கட்டினார்கள். குலுக்கிப் பார்க்க ஒன்று, சூடு குளிரைப் பார்க்க ஒன்று, மின்சுற்றுகளை ஓட்டிப் பார்க்க ஒன்று என்று. கடைசியாகக் கட்டியதுதான் பறக்கப் போனது.

அதன் உருவம் இப்படி: 26 தட்டை முகங்கள் கொண்ட ஒரு பெரிய பாசிமணி மாதிரி. குறுக்களவு சுமார் 1.4 மீட்டர், எடை 360 கிலோ. மேல் முகத்தையும் அடி முகத்தையும் விட்டுவிட்டு மற்ற 24 முகங்களிலும் சூரிய மின்கலங்கள் ஒட்டியிருந்தார்கள். அத்தனை கலங்களும் சேர்ந்து கொடுத்த மின்சாரம் 46 வாட். நம் வீட்டுத் திண்ணையில் முன்பு எரிந்த நாற்பது வாட் குண்டு பல்புக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த மின்சாரத்தில்தான் வானொலி, கட்டளை வாங்கும் கருவி, தகவலைப் பதிகிற டேப், மூன்று அறிவியல் சோதனைகள் எல்லாம் ஓட வேண்டும். ஒன்று விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பார்க்க, இஸ்ரோ செய்தது. இரண்டாவது சூரியனிலிருந்து வரும் நியூட்ரான், காமா கதிர்களைப் பார்க்க, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. மூன்றாவது வளிமண்டலத்தின் மேலடுக்கை ஆராய, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்தது.

டேப் எதற்கு என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே வந்தால் அடிவானத்தில் உதித்து மறுபக்கம் மறைய அதிகம் போனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்துக்குள்தான் ஸ்ரீஹரிகோட்டா நிலையத்தோடு பேச முடியும். மற்ற நேரம் அது வேறு கடல்களுக்கு மேலே இருக்கும். அங்கே பார்த்ததைப் பதிந்து வைத்துக்கொண்டு, இங்கே வரும்போது ஒப்பிக்க வேண்டும். மாஸ்கோ பக்கத்தில் இருந்த ஒரு சோவியத் நிலையமும் கேட்டது. பெங்களூரில் தகவல் பெற இடம் போதாமல் ஒரு கழிப்பறையையே மாற்றி அமைத்துப் பயன்படுத்தினார்கள். இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அது பெருமையான விஷயமாகத்தான் படுகிறது. இடம் இல்லை என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி உன் மூன்றாவது கேள்வி, விழாமல் எப்படி நின்றது. அது நிற்கவே இல்லை, தம்பி. விழுந்துகொண்டேதான் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள நம் கரையைவிட நல்ல இடம் கிடையாது. கடலுக்குப் போகிற ஆட்களிடம் கேட்டுப்பார். வடகடலிலோ கிழக்கேயோ வத்தையை ஓட்டிக்கொண்டு போகப் போக முதலில் கரை மறையும், அப்புறம் பனைகள் மறையும், கடைசியில் கோயில் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும், பிறகு அதுவும் முங்கிவிடும். பூமி வளைந்திருப்பதை அவர்கள் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள். அந்த வளைவுக்கு ஒரு கணக்கு உண்டு. 8 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூமி சுமார் 5 மீட்டர் கீழே இறங்கும். நீ கரையில் படுத்துக் கண்ணைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக்கொண்டால், 8 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற 5 மீட்டர் உயரப் படகு ஏறக்குறைய முழுசாக மறைந்திருக்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. எந்தப் பொருளையும் விட்டால் முதல் ஒரு விநாடியில் சுமார் 5 மீட்டர் விழும். இரண்டையும் சேர்த்துப் பார். தனுஷ்கோடி கடைக்கோடியான அரிச்சல்முனையில் நின்று ஒரு கல்லைப் படுக்கை வாட்டில் விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் எறிய முடிந்தால், அது ஒரு விநாடியில் 5 மீட்டர் விழும். ஆனால் அதற்குள் பூமியும் அதன் அடியில் 5 மீட்டர் இறங்கிவிடும். கல்லுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறாது. அடுத்த விநாடியும் அப்படியே. விழுந்துகொண்டே சுற்றும், தரையைத் தொடாது. நிஜத்தில் காற்று அந்தக் கல்லை எரித்துவிடும். அதனால்தான் காற்று மிக மெலிந்து போகிற உயரத்துக்குக் கொண்டுபோய் அங்கே அந்த வேகத்தைக் கொடுக்கிறார்கள். ஆரியபட்டா இருந்த உயரத்தில் விநாடிக்கு சுமார் 7.5 கிலோமீட்டர் போதும். பாம்பன் பாலத்தை அரை விநாடிகூட ஆகாமல் தாண்டுகிற வேகம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஏழெட்டு விநாடி. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் நாலு விநாடி.

மேலே போனால் ஈர்ப்பு விசை இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நான் பார்த்த சில கையேடுகளிலும் அப்படி எழுதியிருந்தது. அது தவறு. ஆரியபட்டா சுற்றிய உயரத்தில் தரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஈர்ப்பு இருக்கிறது. ஈர்ப்பு இல்லையென்றால் அது சுற்றவே சுற்றாது, நேராகப் போய்விடும். அதனால் உயரம் மட்டும் கொடுத்தால் பயனில்லை. நேர் மேலே 600 கிலோமீட்டர் தூக்கிவிட்டால் நேர் கீழே வந்து விழும். ராக்கெட்டின் உழைப்பில் பெரும்பகுதி அந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொடுப்பதற்குத்தான் போகிறது.

அந்த வேலையைச் செய்த சோவியத் ராக்கெட்டின் பெயர் கோஸ்மோஸ்-3எம். உயரம் சுமார் 32 மீட்டர், கிளம்பும்போது எடை நூறு டன்னுக்கு மேல். 360 கிலோவை மேலே வைக்க நூறு டன்! அந்த எடையில் கிட்டத்தட்ட எல்லாமே திரவ எரிபொருள். ஆர்-14 என்கிற ஏவுகணையிலிருந்து வளர்த்தெடுத்த இரண்டு அடுக்கு ராக்கெட் அது. முதல் அடுக்கு நேராகத் தூக்கி, அப்புறம் மெல்லச் சாய்ந்து, எரிந்து முடிந்ததும் கழன்று விழும். இரண்டாம் அடுக்கின் சிறப்பு என்னவென்றால் அதை அணைத்துவிட்டு மறுபடி பற்றவைக்க முடியும். முதல் எரிப்பு, ஒரு பக்கம் தாழ்வாகவும் மறுபக்கம் உயரமாகவும் உள்ள நீள்வட்டத்தில் கொண்டுபோய் விடும். எஞ்சினை அணைத்துவிட்டு அந்த வேகத்திலேயே மிதந்துகொண்டு மேல் முனைக்குப் போவார்கள். அங்கே மறுபடி பற்றவைத்தால் தாழ்ந்த பக்கமும் உயர்ந்து, பாதை ஏறக்குறைய வட்டமாகிவிடும். ஆரியபட்டாவின் பாதை தாழ்ந்த இடத்தில் 563 கிலோமீட்டர், உயர்ந்த இடத்தில் 619 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு 96 நிமிடம்.

ஆரியபட்டா கிளம்பியபோது இந்திய நேரப்படி பகல் ஒரு மணி. செயற்கைக்கோள் ராக்கெட்டை விட்டுப் பிரிந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. பம்பரம் சுழலும்போதுதான் விழாமல் நிற்கும், அதுபோல இதையும் சுழலவிட்டால்தான் திசை மாறாமல் இருக்கும். உள்ளே வைத்திருந்த அழுத்தப்பட்ட வாயுவைப் பீய்ச்சிச் சுழல வைத்தார்கள்.

ஒரு சின்ன விஷயம், புவியியல் பிடித்தவர்களுக்காக. ஆரியபட்டாவின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 50.7 பாகை சாய்ந்திருந்தது. ஏன் அவ்வளவு சாய்வு? கபுஸ்தின் யார், வோல்கோகிராத் நகருக்குக் கிழக்கே, 48 பாகை அட்சரேகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஓர் இடத்திலிருந்து நேரடியாக விட்டால், அந்த இடத்தின் அட்சரேகையைவிடக் குறைவான சாய்வில் வைக்க முடியாது. நாம் இருப்பது 9 பாகையில். அதனால் 50 பாகை வடக்குக்கும் 50 பாகை தெற்குக்கும் நடுவே போய்வந்த ஆரியபட்டா நம் அட்சரேகையை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கடந்தது. ஒரு சுற்று முடிவதற்குள் பூமி 24 பாகை கிழக்கே திரும்பிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் நம் தலைக்கு மேலேயே வராது. ஆனாலும் நாளுக்குச் சில தடவையாவது தமிழ்நாட்டு வானத்தின் ஏதாவது ஒரு பக்கமாகப் போயிருக்கும்.

அப்புறம் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாலைந்து நாளில் மின்சாரம் வழங்கும் பகுதியில் கோளாறு வந்தது. அறிவியல் சோதனைகள் நின்றுபோயின. ஆறு மாதம் ஓட வேண்டும் என்று திட்டமிட்ட சோதனைகள் ஒரு வாரம்கூட ஓடவில்லை. எக்ஸ் கதிரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் செயற்கைக்கோளின் அடிப்படைப் பகுதி 1981 மார்ச் வரை இயங்கியதாக இஸ்ரோ பதிவு செய்திருக்கிறது. அதன் பிறகும் அது சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று உண்டு. அந்த மெல்லிய காற்று வருஷக்கணக்கில் உரசி உரசி வேகத்தைக் குறைத்தது. 1992 பிப்ரவரியில் வளிமண்டலத்துக்குள் வந்து முடிந்தது. கிட்டத்தட்ட பதினேழு ஆண்டு.

"ரஷ்யா விட்டது எப்படி நம்முடையது?" என்று கேட்டாய். ராக்கெட் மட்டும் இல்லை, சூரிய மின்கலப் பலகை, மின்கல அடுக்கு, டேப், சுழல வைக்கும் வாயு அமைப்பு ஆகியவையும் சோவியத்திடமிருந்து வந்தவை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் வடிவமைப்பு, கட்டமைப்பு, வானொலித் தொடர்பு, வெப்பக் கட்டுப்பாடு, சோதனைக் கருவிகள், எல்லாவற்றையும் கோத்து ஓட வைத்தது, கீழிருந்து கட்டளை கொடுத்து நடத்தியது எல்லாம் நம்மவர்கள். கோளாறு வந்தபோது எங்கே வந்தது என்று தேடியவர்களும் அவர்கள்தான். அந்த அறிவு பீன்யாவில் தங்கிவிட்டது. அடுத்து 1979 ஜூன் 7 அன்று பாஸ்கரா போனது. அதுவும் கபுஸ்தின் யாரிலிருந்துதான். 444 கிலோ, ஆரியபட்டாவின் அதே முகவெட்டு. அதில் தரையைப் படம் எடுக்கும் தொலைக்காட்சிக் கேமராக்களும், கடலை ஆராய்கிற நுண்ணலைக் கருவியும் இருந்தன. கடற்கரைக்காரனாக எனக்குப் பாஸ்கரா மேல் தனிப் பிரியம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனபோது கடலைப் பார்க்க நாட்டுக்கென்று மேலே ஒரு கண் கிடையாது. என் வீட்டுப் பெரியவர்கள் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசிக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று புயல் உருவாகும்போதே கைப்பேசியில் மேகப்படம் பார்க்கிறாய். அதை எடுத்து அனுப்புகிற இன்சாட் வரிசை செயற்கைக்கோள்கள் பீன்யாவில் தொடங்கிய அந்தத் தொழிலின் வழி வந்தவை.

எடையை ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். சோவியத்தின் முதல் ஸ்புட்னிக் 83.6 கிலோ. ஜப்பான் 1970-இல் தன் சொந்த ராக்கெட்டில் விட்ட முதல் செயற்கைக்கோள் ஒசுமி 24 கிலோ. அதே ஆண்டு சீனா விட்டது 173 கிலோ. நம் முதல் செயற்கைக்கோள் 360 கிலோ! நாம் அவர்களைவிட முன்னேறி இருந்தோம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்கள் தங்கள் தோணி தாங்கும் அளவுக்குத்தான் சரக்கு ஏற்றினார்கள். நாம் பெரிய தோணியை இரவல் வாங்கினோம். நம் சொந்தத் தோணி வந்தபோது அது தூக்கிய ரோகிணியின் எடை 35 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டையைவிடக் குறைவு.

அந்த 35 கிலோவுக்குப் பின்னால்தான் நம் ஊர்க்காரரின் உழைப்பு இருக்கிறது. பீன்யாவில் ஆரியபட்டாவைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கலாம் திருவனந்தபுரத்தில் எஸ்.எல்.வி.-3 வேலையில் இருந்தார். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்கு, நான்கிலும் திட எரிபொருள். திட எரிபொருளை ஒருமுறை பற்றவைத்தால் நடுவில் அணைக்க முடியாது. கோஸ்மோஸில் செய்ததுபோல அணைத்து மறுபடி பற்றவைக்கிற வசதி இங்கே இல்லை. ஒவ்வோர் அடுக்கும் சரியான நேரத்தில், சரியான சாய்வில் எரிந்து தீர வேண்டும். சோவியத் நாடு ஆரியபட்டாவைக் கொண்டுபோய் விட்டதே தவிர ராக்கெட்டை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஏவுகணையும் ராக்கெட்டும் ஒரே குடும்பம் என்பதால் எந்த நாடும் அந்த வித்தையை இன்னொரு நாட்டுக்கு எளிதில் கொடுக்காது. சரக்கு செய்யக் கற்ற பிறகும் தோணி கட்ட ஐந்து ஆண்டு கூடுதலாக ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் எஸ்.எல்.வி.-3 கிளம்பியது. முதல் அடுக்கு சரியாக எரிந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்ததால் ராக்கெட் நிலை தடுமாறியது. 317 விநாடியில், ஏவுதளத்திலிருந்து 560 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் பொறுப்பை ஏற்றுப் பேசியவர் தவான். அடுத்த ஆண்டு வெற்றி பெற்றபோது கலாமைப் பேசச் சொல்லிவிட்டுத் தவான் ஒதுங்கிக்கொண்டார். இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார், நீயும் கேட்டிருப்பாய். 1980 ஜூலை 18 காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின்னால் கிளம்பிய ராக்கெட்டில் நான்கு அடுக்கும் சொன்னபடி எரிந்தன. ரோகிணி 305 கிலோமீட்டருக்கும் 919 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஒரு நீள்வட்டத்தில் போய் உட்கார்ந்தது. சோவியத், அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், சீனா ஆகியவற்றுக்குப் பிறகு அந்தத் திறன் நமக்கு வந்தது. 1971-இல் ஒரே ஒரு செயற்கைக்கோளைத் தன் ராக்கெட்டில் விட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொண்ட இங்கிலாந்தையும் எண்ணுகிறவர்கள் நம்மை ஏழாவது என்பார்கள், எண்ணாதவர்கள் ஆறாவது என்பார்கள். இரண்டு எண்ணும் நூல்களில் வரும், குழம்பிவிடாதே.

பேக்கரும்பு நினைவிடம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்னால், ஜூலை 24 அன்று, யு.ஆர். ராவ் பெங்களூரில் காலமானார். நம் கரை முழுக்கத் திறப்பு விழாப் பேச்சாக இருந்த வாரம் அது. இந்தச் செய்தியைக் கவனித்தவர்கள் குறைவு. மறு வருஷம் பெங்களூர் செயற்கைக்கோள் மையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நினைவிடத்துக்கு அடுத்த முறை போகும்போது உன் கூட வருகிற பிள்ளைகளுக்கு அவர் பெயரையும் சொல்.

கடைசியாகப் பெயரைப் பற்றி. மூன்று பெயர்களை எழுதி இந்திரா காந்தியிடம் கொடுத்தார்கள்: ஆரியபட்டா, மித்ரா, ஜவஹர். அவர் ஆரியபட்டாவைத் தேர்ந்தெடுத்தார். கி.பி. 476-இல் பிறந்த அந்தக் கணிதர், பூமிதான் தன்னைத்தானே சுற்றுகிறது, விண்மீன்கள் நகர்வதுபோலத் தோன்றுவது அதனால்தான் என்று எழுதியவர். அதற்கு அவர் சொன்ன உவமை நம் ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும். படகில் முன்னே போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னே போவதுபோலத் தெரிகிற மாதிரி, இலங்கையில் இருப்பவனுக்கு அசையாத விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரியும் என்றார். அவர் இலங்கை என்றது வானியல் கணக்குக்காக நிலநடுக்கோட்டில் வைத்துக்கொண்ட ஒரு புள்ளி, நமக்கு எதிரே இருக்கிற தீவு இல்லை. ஆனாலும் படகில் இருந்து கரையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த வரியை முதல்முதலில் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆரியபட்டா போன மறு வருஷத்திலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டு, இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் அதன் படம் இருந்தது. ஏலக்கூடத்தில் மீன் வாங்கக் கொடுத்த நோட்டு, பேருந்துக்குக் கொடுத்த நோட்டு எல்லாவற்றிலும் அந்தப் பாசிமணி உருவம் இருக்கும். அது என்னவென்று அப்போது கேட்ட பிள்ளைகள் குறைவு. ஒரு நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மண்டபம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா தம்பி, காட்டுகிறேன்.